தொல்லை அழைப்பும் சாலை மறியலும் ஒரே பட்டியலில் வருமா?

வாசகர் ஒருவர் எழுதியது
2026 ஜனவரி 8, மாலை 7.10

குடிநீரில் கழிவுநீர் கலந்து வருகிறது என்று சொல்லி எங்கள் புறநகர்ச் சாலையில் இன்று மறியல் நடந்தது. ஒன்றரை மணி நேரம் பேருந்திலேயே உட்கார்ந்திருந்தேன். இந்த இணைய மன்றத்தில் சிலர் கடன் விற்கும் அழைப்புகளைப் பற்றியும், வீட்டில் நடப்பதைக் கவனிக்கும் தொலைக்காட்சியைப் பற்றியும் மாதக்கணக்கில் புலம்புகிறீர்கள். வேண்டாத அழைப்பை ஒரு விரலால் துண்டித்துவிடலாம். மறியலை யாரால் துண்டிக்க முடியும்? இரண்டையும் தொல்லை என்ற ஒரே பட்டியலில் வைப்பது சரியில்லை என்பது என் கருத்து. மறுப்பவர்கள் மறுக்கலாம்.

கட்டட மேற்பார்வையாளர் ஒருவரின் பதில்கள்
ஜனவரி 8, இரவு 10.25

மறுக்கிறேன். அழைப்பைத் துண்டிக்க ஒரு விரல் போதும் என்பது, தெரியாத எண்ணை எடுக்காமலே விட்டுவிடும் வசதி உள்ளவர்களுக்குப் பொருந்தும். நான் கட்டட வேலைகளை மேற்பார்ப்பவன். எம்-சாண்ட் ஏற்றி வரும் லாரி ஓட்டுநர் இன்று ஓர் எண்ணிலிருந்து அழைப்பார், நாளை வேறோர் ஓட்டுநர் வேறோர் எண்ணிலிருந்து அழைப்பார். கம்பி கட்டுபவர், தண்ணீர் லாரிக்காரர், செங்கல் சூளைக் கணக்குப்பிள்ளை என்று யார் எப்போது எந்த எண்ணில் வருவார்கள் என்று சொல்ல முடியாது. ஆகவே எல்லா அழைப்பையும் எடுத்தே தீர வேண்டும். எடுத்தால், தனிநபர் கடன் தயாராக இருக்கிறது என்று பதிவுக் குரல் தொடங்கும். சாரத்தின் மேல் நின்று, ஒரு கையால் சவுக்குக் கம்பைப் பிடித்தபடி அந்தக் குரலைக் கேட்டிருக்கிறேன்.

இரண்டும் ஒரே பட்டியலில் வரக்கூடாது என்ற உங்கள் முடிவு எனக்கும் உடன்பாடுதான். காரணம்தான் வேறு. அதைப் பிறகு எழுதுகிறேன். காலையில் தளம் போடும் வேலை இருக்கிறது.

ஜனவரி 9, பிற்பகல் 1.50

"1909-க்குப் பதிவு செய்தால் அழைப்புகள் நின்றுவிடும், இதற்கு ஏன் ஒரு விவாதம்" என்று எனக்கு அடுத்து எழுதிய நண்பர் கேட்கிறார். விளம்பர அழைப்பு வேண்டாம் என்று அந்த எண்ணில் பதிவு செய்து பல ஆண்டுகள் ஆகின்றன. விதிப்படி விளம்பர அழைப்பு 140 என்று தொடங்கும் எண்ணிலிருந்து வர வேண்டும். வங்கியும் காப்பீட்டு நிறுவனமும் கணக்கு தொடர்பாக அழைப்பதற்கு 1600 என்ற வரிசை தரப்பட்டிருக்கிறது. விதியை மதிப்பவர்கள் அந்த வரிசைகளில் இருக்கிறார்கள். மதிக்காதவர்கள் உங்களையும் என்னையும் போலச் சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்து அழைக்கிறார்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2018-இல் கொண்டுவந்த விதிகளை 2025 பிப்ரவரியில் திருத்தி, புகார் கொடுக்கும் கால வரம்பை 3 நாளிலிருந்து 7 நாளாக நீட்டியது. பத்து நாளுக்குள் ஐந்து புகார் வந்தாலே அந்த எண்ணின் மீது நடவடிக்கை எடுக்கலாம் என்றும் தளர்த்தியது. நல்ல திருத்தம்தான். ஆனால் எண்ணை முடக்கினால் எண் மட்டும்தான் முடங்குகிறது. அழைப்பவர் மறுநாள் வேறு எண்ணோடு வந்துவிடுகிறார்.

என் புகார்களுள் ஒன்றுக்கு வந்த பதிலைச் சொல்ல வேண்டும். நானே ஒப்புதல் கொடுத்திருப்பதாக நிறுவனம் தெரிவித்துவிட்டதால் புகார் முடித்துவைக்கப்பட்டது. எப்போது கொடுத்தேன் என்று யோசித்துப் பார்த்தால், டைல்ஸ் வாங்கிய கடையில் ரசீது போடும்போது கைப்பேசி எண்ணைக் கேட்டார்கள், கொடுத்தேன். எண் இல்லாமல் கணினி ரசீது போடாது என்று அந்தப் பெண் சொன்னார். பின்னால் வரிசை நின்றது. கைப்பேசி எண்ணைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று வாடிக்கையாளரை வற்புறுத்தக் கூடாதென நுகர்வோர் விவகாரத் துறை 2023-இலேயே கடைகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. அந்தக் கணினிக்கு அது தெரிந்திருக்கவில்லை.

ஜனவரி 10, இரவு 9.40

நேற்று முன்தினம் பாக்கி வைத்த காரணம் இது. நடந்தது ஒரு கோடையில், நேற்றைப் போலவே ஒரு தளம் போடும் நாளில்.

ஆலையிலேயே கலந்து லாரியில் வரும் ரெடிமிக்ஸ் கான்கிரீட் கலவையை, ஏற்றிய நேரத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் இறக்கிவிட வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணய விதி. முதல் லாரி வந்து கொட்டிவிட்டது. இரண்டாவது லாரி வரவில்லை. மேலே சென்ட்ரிங் பலகையில் பாதித் தளம் போட்ட நிலையில் கொத்தனார்களும் சித்தாள்களும் நிற்கிறார்கள். போட்ட பகுதி இறுகத் தொடங்கினால் புதிய கலவையோடு சேரும் இடத்தில் பிற்காலத்தில் ஒழுகும். ஓட்டுநரின் அழைப்புக்காகக் கைப்பேசியைக் கையிலேயே வைத்திருந்தேன். அது அடித்தது. கடன் அட்டை வேண்டுமா என்றார்கள். மீண்டும் அடித்தது. புறநகரில் மனை வாங்குகிறீர்களா என்றார்கள். அதற்குப் பிறகுதான் ஓட்டுநர் கிடைத்தார். முக்கியச் சாலையில் காலிக் குடங்களோடு பெண்கள் உட்கார்ந்துவிட்டதாகச் சொன்னார்.

இரு சக்கர வண்டியில் போய்ப் பார்த்தேன். பச்சையும் நீலமுமாக பிளாஸ்டிக் குடங்களை ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக, ஒரு மின்கம்பத்திலிருந்து எதிர்ப்பக்கத் தேநீர்க் கடை வரைக்கும் வரிசையாக அடுக்கி, குடங்களின் கழுத்து வழியே ஒரு கயிற்றையும் கோத்திருந்தார்கள். காற்றில் உருண்டு போகாமல் இருக்கக் கயிறு. அதைவிட, காவலர்கள் ஒரு குடத்தைத் தூக்கினால் எல்லாக் குடமும் கூடவே வரும் என்பதற்காகவும் கயிறு. குடங்களுக்குப் பின்னால் பெண்கள், அவர்களுக்குப் பின்னால் வெயிலில் நடுங்கிக்கொண்டிருந்த பேருந்துகள். என் லாரி நான்காவதாக நின்றது. உருளை மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

முன்வரிசையில் இருந்த ஓர் அம்மாவிடம், என் கலவை வீணாகிறதம்மா, அந்த ஒரு லாரியை மட்டும் விடுங்கள் என்று கேட்டேன். "ஆம்புலன்ஸ் வந்தா விடுவோம் சார், வந்துச்சு, விட்டோம். சிமெண்டு லாரிய விட்டா பின்னால எல்லாரும் கேப்பாங்க. மோட்டார் எரிஞ்சு பத்து நாளாச்சு, நேத்து வரைக்கும் ஒருத்தர் எட்டிப் பாக்கல" என்றார். அவர் சொன்னதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் பதில் கிடைத்தது. ஆய்வாளர் இரு தரப்புக்கும் நடுவே போய் வந்தார். குடிநீர் வாரியத்தின் உதவிப் பொறியாளர் வந்து, மோட்டாரைக் காயில் கட்டக் கொடுத்திருப்பதாகவும், அது வரும்வரை நாளுக்கு இரண்டு லாரித் தண்ணீர் வருமென்றும் சொன்னார். எழுதிக் கொடுங்கள் என்றார்கள். ஜீப்பின் முன்மூடிமேல் தாளை வைத்து அவர் எழுதினார். ஒரு பள்ளி மாணவி அதை உரக்கப் படித்தாள். கயிற்றை அவிழ்த்தார்கள்.

லாரி என் இடத்துக்கு வந்தபோது நேரம் கடந்திருந்தது. ஆலையிலிருந்து வந்த பையன் கூம்பில் கலவையை நிரப்பிச் சரிவு பார்த்தான். இளக்கமாக இருந்தால் கூம்பை எடுத்ததும் கலவை சரியும். அது சரியவே இல்லை. ஒரு காலி மனையில் கொட்டச் சொன்னேன். பணம் யார் தலையில் என்பதில் ஆலைக்கும் எனக்கும் நடந்த வாக்குவாதத்தை எழுதினால் இந்த இழை போதாது.

ஆக, மறியலால் எனக்கு நேர்ந்த நட்டம், ஓராண்டின் தொல்லை அழைப்புகள் எல்லாம் சேர்ந்து ஏற்படுத்தும் நட்டத்தைவிடப் பெரியது. அதை மறைக்கவில்லை. ஆனால் யார் மறித்தார், எதற்கு மறித்தார், எப்போது எழுந்திருப்பார் என்ற மூன்றுக்கும் அங்கேயே விடை இருந்தது. கைப்பேசியில் வந்த குரலிடம் அந்த மூன்றில் ஒன்றைக்கூடக் கேட்க முடியவில்லை. இரண்டையும் வெவ்வேறு பட்டியலில் வைக்கச் சொல்வது இதனால்தான்.

ஜனவரி 11, காலை 6.30

மேலே எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர் ஒரே வரியில் கேட்டிருக்கிறார்: "மோட்டார் எரிந்ததற்குப் பேருந்துப் பயணி என்ன செய்வார்?"

இந்தக் கேள்வியால் இரவு சரியாகத் தூக்கம் வரவில்லை. பிறகு எழுதுகிறேன்.

ஜனவரி 11, இரவு 10.15

அந்தக் கேள்வியை இன்னும் கொஞ்சம் நீட்டினால் எனக்குச் சங்கடமான இடத்துக்குப் போகிறது. கடன் செயலிகள் சில ஆண்டுகளுக்கு முன் என்ன செய்தன என்று நினைவிருக்கும். சிறு தொகை கடன் கொடுக்கும்போதே கைப்பேசியில் உள்ள தொடர்பு எண்களை எல்லாம் எடுத்துக்கொண்டு, தவணை தவறியதும் கடன் வாங்கியவரை விட்டுவிட்டு அவருடைய மாமனாரையும், மேலாளரையும், பழைய பள்ளித் தோழரையும் அழைத்து மானத்தை வாங்கின. எங்கள் மேஸ்திரி ஒருவர் வாங்கிய கடனுக்காக என்னை அழைத்துத் திட்டினார்கள். கடனுக்கும் எனக்கும் தொடர்பில்லை என்பது அவர்களுக்கும் தெரியும். தொடர்பில்லாதவனைத் துன்புறுத்தினால்தான் தொடர்புள்ளவன் பணிவான் என்பது கணக்கு.

குடத்தை அடுக்கியவர்களின் கணக்கும் அதுதானே? பயணியால் மோட்டாரைச் சரிசெய்ய முடியாது. ஆனால் பயணி நின்றால் ஆய்வாளர் வருவார், ஆய்வாளர் வந்தால் பொறியாளர் வருவார். மனு கொடுத்துப் பத்து நாள் வராதவர் ஒரு மணி நேரத்தில் வந்ததற்கு, எந்தக் குற்றமும் செய்யாத நாங்கள்தான் காரணம். நெம்புகோலாக எங்களைப் பயன்படுத்தினார்கள்.

நேற்றே பெண்கள் பக்கம் சாய்ந்து எழுதிவிட்டதால் இன்று அவர்களுக்காக ஏதாவது காரணம் தேடுகிறேனோ என்று எனக்கே சந்தேகம் வருகிறது. இருந்தாலும் ஒரு வேறுபாடு எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. கடன் செயலி என்னை நெருக்கியது எவருக்கும் தெரியாமல். நான் வெளியே சொல்ல வெட்கப்படுவேன் என்பதை நம்பித்தான் அது இயங்கியது. மறியல் ஊரறிய நடக்கிறது. அதில் உட்காருபவர் தம் முகத்தைக் காவலரின் கேமராவுக்குக் காட்டிக்கொண்டு உட்காருகிறார், சட்டப்படி வழக்கையும் ஏற்கிறார். தடுத்து நிறுத்திய குற்றத்துக்குப் பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தின் 126-ஆவது பிரிவில் ஒரு மாதம் வரை வெறுங்காவலோ 5,000 ரூபாய் வரை அபராதமோ உண்டு. பெரும்பாலும் அவ்வளவு தூரம் போவதில்லை. வேனில் ஏற்றிக் கல்யாண மண்டபத்தில் வைத்து, மதியம் தக்காளி சாதம் கொடுத்து, மாலையில் விடுவார்கள். ஆனாலும் பெயரும் முகவரியும் பதிவாகும். என்னைத் திட்டிய ஆளின் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது.

செயலிகள் தொடர்பு எண்களையும் அழைப்புப் பதிவுகளையும் தொடக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் விதித்தது. அந்தத் தடை வரவே அத்தனை காலம் ஆயிற்று. சாலை மறியல் வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே குற்றம்.

ஜனவரி 12, பிற்பகல் 2.05

"அப்படியானால் கடன் வசூலிப்பவர்களும் முகத்தைக் காட்டிச் சாலையில் உட்கார்ந்தால் ஏற்பீர்களா" என்று கேட்ட நண்பருக்கு: அவர்கள் வெயிலில் உட்கார்ந்தால் தண்ணீர்ப் பாட்டில் நானே வாங்கித் தருகிறேன்.

ஜனவரி 13, இரவு 9.00

விவாதம் இப்போது "மறியல் செய்வதால் எதுவும் கிடைத்ததில்லை" என்று ஒருவரும், "மறியல் இல்லாமல் எதுவும் கிடைத்ததில்லை" என்று மற்றொருவரும் சொல்லும் இடத்துக்கு வந்திருக்கிறது. இரண்டும் வரலாற்றோடு ஒட்டவில்லை.

1972-இல் நாராயணசாமி நாயுடு தலைமையில் விவசாயிகள் மின்கட்டண உயர்வை எதிர்த்துக் கோயம்புத்தூர்த் தெருக்களை மாட்டு வண்டிகளால் அடைத்தார்கள். எங்கள் தாத்தா ஊரிலிருந்தும் வண்டிகள் போயின. வண்டியை நிறுத்தி மாட்டை அவிழ்த்துவிட்டால் அதைக் காவலர் என்ன செய்ய முடியும் என்று அவர் சிரித்துக்கொண்டே சொல்வார். 1987 செப்டம்பரில் வன்னியர் சங்கம் இடஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் நடத்திய மறியலில் வட மாவட்டங்களின் சாலைகளில் மரங்கள் வெட்டிப் போடப்பட்டன. 21 பேர் உயிரிழந்தார்கள். 1989-இல் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 விழுக்காடு இடஒதுக்கீடு வந்தது. அந்த ஒரு வாரம் நடுவழியில் மாட்டிக்கொண்டவர்கள் அதை இன்றும் கோபத்தோடுதான் சொல்கிறார்கள். இடஒதுக்கீட்டில் படித்தவர்கள் வேறு விதமாகச் சொல்கிறார்கள். இரு வகையினரும் எனக்குத் தெரிந்தவர்களில் இருக்கிறார்கள், ஒரே வீட்டிலும் இருக்கிறார்கள்.

நீதிமன்றங்களின் போக்கு இன்னொரு பக்கம். கட்டாயப்படுத்தி நடத்தும் பந்த் அரசமைப்புக்கு முரணானது என்று கேரள உயர்நீதிமன்றம் 1997-இல் சொன்னது, அதே ஆண்டில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்து டெல்லி ஷாகீன் பாக்கில் சாலையில் அமர்ந்தவர்களைப் பற்றிய வழக்கில் 2020 அக்டோபர் 7 அன்று, பொதுவழியைக் காலவரம்பின்றி அடைத்துக்கொள்ள முடியாது, ஒதுக்கப்பட்ட இடத்தில் போராடுங்கள் என்றது உச்ச நீதிமன்றம். அந்தத் தீர்ப்பு வந்த சில வாரங்களில், நவம்பர் 26 அன்று, விவசாயிகள் டெல்லியை நோக்கிப் புறப்பட்டு சிங்கு, திக்ரி, காசிப்பூர் எல்லைகளில் உட்கார்ந்தார்கள். ஓராண்டு கழித்து 2021 நவம்பர் 19 அன்று அவர்கள் எதிர்த்த மூன்று வேளாண் சட்டங்களையும் திரும்பப் பெறுவதாகப் பிரதமர் அறிவித்தார்.

ஒதுக்கப்பட்ட இடம் என்பதைப் பற்றிச் சென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2017 சல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு மெரினாவில் யாரையும் உட்கார விடுவதில்லை. வள்ளுவர் கோட்டம், சிவானந்தா சாலை, எழும்பூர் ராஜரத்தினம் மைதானத்தின் அருகே என்று இடம் காட்டுகிறார்கள். வள்ளுவர் கோட்டம் வழியாகப் போகும்போது நானும் அந்தப் பந்தல்களைப் பார்க்கிறேன்; யார், எதற்காக என்று பதாகையைப் படிப்பதற்குள் சிக்னல் பச்சையாகிவிடுகிறது. எவருக்கும் இடையூறில்லாத போராட்டம் வேண்டும் என்று கேட்கும் நம்மில், அப்படி நடந்த ஒன்றின் கோரிக்கையையாவது நினைவில் வைத்திருப்பவர் எத்தனை பேர் என்று கேட்டுப் பாருங்கள்.

ஜனவரி 14, காலை 8.20

போகி. கைப்பேசி முதலில் சொன்னது பொங்கல் சிறப்பு வட்டி விகிதத்தைப் பற்றி. அனைவருக்கும் பொங்கல் வாழ்த்துகள், வட்டியில்லாமல்.

ஜனவரி 17, மாலை 6.45

விடுமுறையில் ஊருக்குப் போனதில் இடையே வந்த பதில்களை இன்றுதான் படித்தேன். அமெரிக்காவிலிருந்து எழுதிய நண்பர் சான் பிரான்சிஸ்கோவைக் கொண்டுவந்திருக்கிறார். அது இந்த இழைக்குப் பொருத்தமானது, ஏனென்றால் அங்கே மறிக்கப்பட்டது கருவியே. 2023 ஜூலையில் ஒரு குழுவினர், ஓட்டுநரில்லாத வாடகைக் கார்களின் முன்மூடிமீது சாலையில் கிடக்கும் ஆரஞ்சு நிறக் கூம்பை எடுத்து வைத்தார்கள். அவ்வளவுதான், கார் நின்றுவிடும். யாராவது வந்து எடுக்கும்வரை அசையாது. கார்களைச் சோதித்துப் பார்க்க எங்கள் தெருவா கிடைத்தது என்பதும், நகரெங்கும் ஓடும் அவற்றின் கேமராப் பதிவுகளைக் காவல்துறை கேட்டுப் பெறுகிறது என்பதும் அவர்கள் குறை.

கூம்பால் எதுவும் நடக்கவில்லை. ஆகஸ்ட் 10 அன்று கலிபோர்னியா மாநில ஆணையம், அந்தக் கார்களை ஓட்டிய க்ரூஸ், வேமோ என்ற இரண்டு நிறுவனங்களுக்கும் இரவு பகலாகக் கட்டணம் வாங்கி ஓட்ட அனுமதி கொடுத்தது. அக்டோபர் 2 இரவு, வேறொரு கார் மோதித் தூக்கியெறிந்த பெண்ணின் மேல் க்ரூஸ் நிறுவனத்தின் கார் ஏறி, அவரைச் சுமார் 20 அடி இழுத்துச் சென்றது. அந்த மாதம் 24 அன்று க்ரூஸின் உரிமம் நிறுத்திவைக்கப்பட்டது. கூம்பு வைத்தவர்களுக்குச் செவி சாய்க்காதவர்கள் ஒரு விபத்துக்குச் செவி சாய்த்தார்கள்.

ஆனால் இதிலிருந்து, சாலைக்கு வந்தாலும் பயனில்லை என்று அந்த நண்பர் எழுதுவதை ஏற்க மாட்டேன். 2024 மே மாதம் குஜராத்தின் வதோதராவில், முன்பணம் கட்டும் ஸ்மார்ட் மீட்டர் வேகமாகப் பணத்தைத் தின்கிறது என்று மக்கள் மின்வாரிய அலுவலகங்களின் முன் கூடினார்கள்; பொருத்தும் பணி நிறுத்திவைக்கப்பட்டது. மறுபக்கம் பாருங்கள்: எல்லாப் புதிய கைப்பேசிகளிலும் சஞ்சார் சாத்தி என்ற அரசுச் செயலியை முன்கூட்டியே ஏற்றித்தான் விற்க வேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை சென்ற நவம்பர் 28 அன்று ஆணையிட்டது. டிசம்பர் 3 அன்று விலக்கிக்கொண்டது. அதற்காக எந்தச் சாலையிலும் ஒரு குடம்கூட வைக்கப்படவில்லை. செய்தி கசிந்தது, எதிர்க்கட்சிகள் கத்தின, தயாரிப்பாளர்கள் முரண்டு பிடித்தார்கள், முடிந்தது. ஆகவே மறியல்தான் வழி என்று 13-ஆம் தேதிக் குறிப்பைப் புரிந்துகொண்டவர்கள் இதையும் சேர்த்துப் படிக்கவும். பெரிய நிறுவனங்களுக்கும் சேர்த்து வலித்தால் சாலை தேவைப்படுவதில்லை. எரிந்த மோட்டார் பத்து வீதிகளுக்கு மட்டும்தான் வலிக்கிறது.

இன்னொன்று. தூத்துக்குடியில் 2018 மே மாதம் ஸ்டெர்லைட் ஆலையை எதிர்த்த போராட்டத்தின்போது துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தபோது, தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இணையத்தைத் துண்டித்தார்கள். என் தங்கை அப்போது நாகர்கோவிலில் இருந்தாள். கலவரத்துக்கும் அவளுக்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் நாட்கணக்கில் வாட்ஸாப் இல்லை. தொடர்பில்லாதவர்களைச் சேர்த்து நெருக்கும் முறையைப் போராடுபவர்கள் மட்டும் கையாளவில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

ஜனவரி 19, இரவு 9.30

தொலைக்காட்சியைப் பற்றிப் பேசவே இல்லை என்று முதல் வாசகர் குத்திக்காட்டுகிறார். உண்மை. அமெரிக்காவில் விசியோ நிறுவனம் ஒரு கோடியே பத்து இலட்சம் தொலைக்காட்சிகளில், திரையில் ஓடுவது எதுவென்று நொடிக்கு நொடி பதிவுசெய்து அதை விற்றது, ஒப்புதல் கேட்கவில்லை. 2017 பிப்ரவரியில் 22 இலட்சம் டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொண்டது. ஒரு தொலைக்காட்சிக்கு இருபது சென்ட் கணக்கு வருகிறது. நம் வீட்டுப் பெட்டிகள் கேட்காமலே எடுப்பதில்லை, கேட்கின்றன. எப்படிக் கேட்கின்றன என்பதுதான் விசேஷம். சென்ற ஆண்டு மாமியார் வீட்டில் புதுப் பெட்டியைப் பொருத்தியபோது ரிமோட் என் கையில் இருந்தது. 'அனைத்துக்கும் ஒப்புதல்' என்பது பளிச்சென்று நீல நிறத்தில், ஏற்கெனவே தேர்ந்தெடுத்த நிலையில் இருந்தது. ஒவ்வொன்றாகப் பார்க்கும் வழி கீழே சாம்பல் நிறத்தில். உள்ளே போனால், 'பார்ப்பவற்றைப் பற்றிய தகவல் சேவை' என்று ஒன்று. அதைப் படிக்கப் பல பக்கங்கள் ரிமோட் அம்புக்குறியால் இறங்க வேண்டும். மாமியார் பின்னாலிருந்து, தொடர் ஆரம்பித்துவிட்டது மாப்பிள்ளை என்றார்.

இப்போது இதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சென்னையில் பத்துப் பேர் கூடி ஆர்ப்பாட்டம் நடத்த, 1888-ஆம் ஆண்டின் சென்னை நகரக் காவல் சட்டம் 41-ஆவது பிரிவின்படி ஐந்து நாள் முன்னதாக விண்ணப்பம் கொடுக்க வேண்டும். எந்த இடம், எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிப்பீர்கள், எத்தனை பேர், ஒலிபெருக்கி உண்டா, பொறுப்பாளர் யார், அவர் கைப்பேசி எண் என்ன என்றெல்லாம் கேட்பார்கள். எங்கள் கட்டடத் தொழிலாளர் சங்கத்துக்காக அந்த விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்த அனுபவம் உண்டு. 'கலைந்து செல்லும் நேரம்' என்ற இடத்தில் ஆறு மணி என்று எழுதியதை உதவி ஆய்வாளர் ஐந்தாக்கினார்.

அதே தாளைத் தொலைக்காட்சிக்கும் கடன் செயலிக்கும் கொடுக்க வேண்டும் என்பது என் ஆசை. எந்த அறை, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எத்தனை நிறுவனங்களோடு வருகிறீர்கள், பொறுப்பாளர் யார், எப்போது கலைவீர்கள்? டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் நிறைவேறி, சென்ற நவம்பரில்தான் அதன் விதிகள் வந்திருக்கின்றன. நோக்கத்தைச் சொல்லி ஒப்புதல் பெற வேண்டும், கொடுத்ததைத் திரும்பப் பெறவும் வழி வேண்டும் என்று அதில் இருக்கிறது. முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர ஒன்றரை ஆண்டு அவகாசமும் கொடுத்திருக்கிறார்கள். தொழிலாளர் சங்கத்துக்கு ஐந்து நாள்.

ஜனவரி 20, காலை 7.15

சங்க விண்ணப்பத்தைப் பற்றி எழுதியதும், நான் சிவப்புத் துண்டுக்காரன், ஆகவே சார்போடு பேசுகிறேன் என்று ஒருவர் கண்டுபிடித்திருக்கிறார். என் கைக்குட்டைகூட வெள்ளைதான். சிமெண்டு பட்டால் சாம்பல்.

ஜனவரி 21, இரவு 10.05

முதல் வாசகர் சுற்றி வளைக்காமல் கேட்டிருக்கிறார்: "குடம் வைத்த அந்தப் பெண்கள் நாளையும் வைத்தால் ஆதரிப்பீர்களா, மாட்டீர்களா?"

மனு கொடுத்துப் பதிலில்லாத பிறகு, ஆம்புலன்ஸுக்கு வழிவிட்டு, எழுத்தில் பதில் கிடைத்ததும் எழுந்திருப்பதானால் ஆதரிப்பேன். இன்னொரு லாரிக் கலவை போனாலும் அப்படித்தான் சொல்வேன் என்று நினைக்கிறேன். அன்று சாயங்காலம் கேட்டால் மட்டும் வேறு பதில் வரலாம். கட்சித் தலைவர் கைதானதற்காகப் பேருந்துக் கண்ணாடியை உடைத்து, கடையை மூடச் சொல்லி மிரட்டுவதானால் மாட்டேன். அங்கே பயணி எழுந்து போய்க் கேள்வி கேட்டால் பதிலுக்குக் கல் வரும். 8-ஆம் தேதி பேருந்தில் உங்கள் அருகில் தினக்கூலி போய்விட்டதே என்று ஒருவர் அழுததாகவும் இந்தப் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். அவருக்கு நான் சொல்லத்தக்க பதில் எதுவும் இல்லை. என் கலவை வீணான அன்று என் சித்தாள்களுக்கு அரை நாள் கூலியை நான் கொடுத்தேன். அவருக்குக் கொடுக்க ஆளில்லை. குடிநீர் வாரியம் கொடுக்க வேண்டும் என்று எழுத ஆசைதான், சிரிப்பீர்கள்.

அதே பதிவின் கடைசியில், உங்கள் அடுக்ககத்தில் வருகிறவர் போகிறவர் அனைவரையும் முகப்படத்தோடு பதிவுசெய்யும் வாயிற்செயலியை வைக்கப் போகிறார்கள், கையெழுத்திடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் செயலாளரிடம் இவற்றைக் கேளுங்கள்: படம் எத்தனை நாள் இருக்கும், யார் யார் பார்க்கலாம், நிறுவனத்தை மாற்றினால் பழைய பதிவுகள் அழியுமா, படம் கொடுக்க மறுக்கும் வீட்டு வேலைக்காரப் பெண்ணை உள்ளே விடுவீர்களா. கடைசிக் கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள். எங்கள் கட்டடம் ஒன்றில் சாவி ஒப்படைத்த மறுவாரமே, அதைக் கட்டிய சித்தாளைக் காவலாளி வாயிலில் நிறுத்திப் படமெடுத்தார். தளர்ந்த சுவிட்சைச் சரிசெய்ய எலக்ட்ரீஷியனோடு நான்தான் அவளை அனுப்பியிருந்தேன். அவள் முகம் அந்தச் செயலியில் இன்னும் இருக்கும். கேட்டுப் பார்த்தேன், அழிக்கும் வசதி வீட்டு உரிமையாளர்களுக்கு மட்டும்தானாம்.

செயலாளர் எழுத்தில் பதில் கொடுத்தால் கையெழுத்திடுங்கள். வாய்வார்த்தையாகச் சொன்னால் வேண்டாம்.